சாமி கண்ணைக் குத்தாது

எங்கள் அடுக்ககச் சங்கத்துக்குப் பொருளாளர் தேடிய கூட்டத்தில், இரண்டாம் மாடிக்காரர் பெயரை நான் சொன்னேன். மந்தைவெளியில் பதினெட்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். மாதாமாதம் மெயின்டனன்ஸ் வசூலித்து, தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பழுதுக்கும் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதர் வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். "அவர் கோயிலுக்கே போக மாட்டாரே சார். சாமி பயம் இல்லாதவர் கையில பணத்தைக் கொடுக்கலாமா?" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். பதவி, நெற்றி நிறைய விபூதி பூசும் வேறொருவருக்குப் போயிற்று. அவரும் நல்லவர்தான். கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

கடவுள் பயம் போனால் ஒழுக்கம் போய்விடும், ஊர் ரெண்டுபட்டுவிடும் என்பதை நம்மில் பலர் யோசித்து ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று வயதில் லட்டு டப்பாவைத் திறந்தபோது "சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டி சொன்னார். அந்த விரல் அறுபது வயதிலும் கண்ணெதிரே நிற்கிறது.

ஆனால் நாமே அதை நம்பி நடப்பதில்லை. கபாலீஸ்வரர் கோயில் வாசலைப் பாருங்கள். செருப்பைக் கொடுத்து, டோக்கனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போகிறோம். தீபாராதனையின்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை, நடுவே ஒரு தடவை இடுப்பையும் தடவிப் பார்க்கிறது. யாருக்குப் பயந்து இந்த டோக்கன்? உள்ளே வந்து நம் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற இன்னொரு பக்தருக்கு.

உண்டியலுக்குப் பூட்டு, அதற்கு சீல், அதன் தலைக்கு மேல் கேமரா. திருமலையில் காணிக்கை எண்ணும் இடத்துக்குப் பரகாமணி என்று பெயர். ஏழுமலையானுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே எண்ண உட்காருகிறவர்கள் பை வைத்த உடுப்போடு போக முடியாது. இது நாத்திகர்கள் போட்ட விதி அல்ல. தமிழ்நாடு காவல்துறையில் சிலைத் திருட்டைத் தடுக்கவென்றே 1983இலிருந்து ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் புன்னைவனநாதர் சன்னதியில் இருந்த பழைய மயில் சிலை, 2004 குடமுழுக்கின்போது மாற்றப்பட்டுவிட்டது என்ற புகார் உயர் நீதிமன்றம் போய், கடைசியில் தெப்பக்குளத்துக்குள் இறங்கித் தேடும் அளவுக்கு வந்தது. கருவறைக்கு வெகு அருகில் நின்ற சிலையையே கண்ணைக் குத்தும் விரல் காக்கவில்லை என்றால், அந்த விரலை நம்பி அடுக்ககச் சங்கத்துக்கு ஆள் எடுப்பானேன்?

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு கதை இன்னும் வலிக்கிறது. 1872இல் தொடங்கிய நிதி. ஓய்வூதியக்காரர்கள் பரம்பரையாகப் பணம் போட்ட இடம். 2024இல் முதிர்ந்த டெபாசிட் கைக்கு வராமல் போலீசுக்கு அலைந்தார்கள், ஆகஸ்டில் அதன் தலைவர் கைதானார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். பெயரையும் பழமையையும் பார்த்து நம்பியவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது கண்டிப்பான தணிக்கை.

கடவுள் பயம் வேலையே செய்வதில்லை என்றும் சொல்ல மாட்டேன். தேர்தல் சமயத்தில் பிரமாதமாகச் செய்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறவர் கற்பூரத்தின் மேலோ சாமி படத்தின் மேலோ சத்தியம் வாங்கிக்கொள்வதைக் கேள்விப்படாதவர் இந்த ஊரில் உண்டா? பணம் வாங்குவது தப்பு என்று சாமி தடுப்பதில்லை. வாங்கிய பணத்துக்குத் துரோகம் செய்யாதே என்று மட்டும் மிரட்டுகிறார். பயம் எந்தப் பக்கமும் நிற்கும். கூப்பிட்டவன் பக்கம் நிற்கும்.

"எனக்கு வேண்டாம் சார், ஆனா ஜனங்களுக்கு வேணும்." படித்தவர்கள் வாயில் அடிக்கடி வருகிற இந்த வசனம்தான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. குப்பையில் கிடைத்த நகையைத் துப்புரவுப் பணியாளர் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தார் என்று பத்திரிகையில் அவ்வப்போது வருகிறது. படித்துவிட்டு நெகிழ்கிறோம். நெகிழ்ந்த கையோடு, அந்த ஜனங்களை அடக்கி வைக்கக் கடவுள் வேண்டும் என்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது மீனவர்கள் படகோடு வந்தார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் கதவைத் திறந்தன, அதை மறுக்க நான் யார்? ஆனால் படகில் ஏறியவர்களிடம் யாரும் நம்பிக்கையை விசாரிக்கவில்லை. ஏற்றியவர்களிடம் நாமும் விசாரிக்கவில்லை.

பெசன்ட் நகர் கடற்கரையில் காற்று வாங்குகிறவர்களுக்கு, அந்தப் பெயருக்கு உரிய அன்னி பெசன்ட், பிரம்மஞான சபைத் தலைவியாக, வெள்ளைப் புடவை அம்மையாராகத்தான் தெரியும். 1874 முதல் 1889 வரை, பதினைந்து ஆண்டுகள், அவர் லண்டனில் பேர்போன நாத்திகர். ஒரு பாதிரியாரின் மனைவியாக இருந்து வெளியேறி, நாத்திகப் பிரசாரகர் சார்லஸ் பிராட்லாவோடு மேடை மேடையாகப் பேசினார். அதே காலத்தில் சென்னையிலும் இலௌகிக சங்கம் என்று ஒன்று இருந்தது. பிராட்லாவின் கருத்துகளை வாங்கி 'தத்துவ விவேசினி' என்று தமிழிலேயே இதழ் நடத்தினார்கள், சாதியையும் குழந்தை மணத்தையும் கண்டித்தார்கள். கருத்தடை பற்றிய சிறுநூல் ஒன்றை மறுபதிப்புச் செய்ததற்காக அன்னி பெசன்ட் மீது 1877இல் வழக்கு வந்தது. அடுத்த ஆண்டு, கடவுளை மறுப்பவள், இப்படிப்பட்ட புத்தகம் போட்டவள் என்று காட்டி, அவருடைய மகளை நீதிமன்றம் பிரித்துத் தகப்பனிடம் கொடுத்தது. எங்கள் அடுக்ககக் கூட்டத்தில் தலையாட்டியவர்கள் அங்கே நீதிபதியாக இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பார்கள்.

அந்தப் 'பயமற்ற' பெண்மணி 1888இல் என்ன செய்தார்? கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை. வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரிக்கும். தாமதமாக வந்தால் அபராதம், பேசினால் அபராதம். (சிவகாசியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) வேலை பார்க்கும் பெண்களைச் சந்தித்துக் கேட்டு எழுதினார். அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த பாதிரியார்களையும் அந்தக் கட்டுரையில் நிறுத்திக் கேள்வி கேட்டார். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தினார்கள். அபராதங்கள் ரத்தாயின. கடவுளை நம்பியவர் லாபப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார், நம்பாதவர் தெருவில் நின்றார். அடுத்த ஆண்டு பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கியைப் படித்து அவர் மனம் மாறினார். பிறகு இங்கே வந்து, ஹோம் ரூல் கேட்டு 1917இல் காவலில் இருந்ததும் அதே பிடிவாதம்தான். நம்பிக்கை முழுக்க மாறியும் அந்தக் குணம் மாறவில்லையே, அது எங்கே இருந்தது?

அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் அடையாறுக்குத் தந்த முத்துலட்சுமி ரெட்டி நாத்திகர் அல்லர். ஆனாலும் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை அவர் சட்டமன்றத்தில் எதிர்த்தபோது, இது தெய்வத் தொண்டு, சாஸ்திரம் என்றுதான் மறுத்தார்கள். 1947இல் சட்டம் வந்தது. அந்த வழக்கத்தைத் திருப்பித் தா என்று இன்று மாடவீதியில் எந்தப் பக்தரும் கேட்பதில்லை. மதத்துக்குள் எது இருக்கலாம், எது கூடாது என்று நிறுத்துப் பார்த்த தராசு மதத்துக்கு வெளியேதான் இருந்திருக்க வேண்டும்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தில்தானே தொடங்கினார் என்பார்கள். சரி. முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் அவருக்கே கோயில் இருக்கிறது, போய்க் கும்பிடுங்கள். ஆனால் வாய்மை அதிகாரத்தைத் திறந்தால், அறிந்தே பொய் சொன்னவனைச் சுடுவது அவன் நெஞ்சுதான், தெய்வம் அங்கே வரவில்லை. இரவச்சத்தில் இன்னும் போகிறார். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் இந்த உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்கிறார். கடவுளையே அறத்தின் முன் கூண்டில் ஏற்றிய ஆளைத்தான் நாம் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

கருப்புச் சட்டைக்காரர் எல்லாம் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. ஜோசப் ஸ்டாலினும் போல்பாட்டும் கடவுளைக் கும்பிட்டவர்கள் அல்லர், அவர்கள் கொன்ற கணக்கு நமக்குத் தெரியும். நாத்திகமும் யாருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் தராது.

கோயிலுக்குப் போங்கள், அறுபத்து மூவர் விழாவில் நீர்மோர் ஊற்றுங்கள், எனக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் மட்டும் நெற்றியைப் பார்க்காமல் ரசீதைக் கேளுங்கள். பேத்தி லட்டு டப்பாவைத் திறந்தால், சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லாதீர்கள். தம்பி இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள்.