கேளுவுக்கு ஏன் ஒரே துறை?

வயநாடு மாவட்டம் மானந்தவாடி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஓ.ஆர்.கேளு, 2024 ஜூன் 23 அன்று கேரள அமைச்சராகப் பதவியேற்றார். குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்தவர். மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து அங்கே அமைச்சராகும் முதல் பழங்குடித் தலைவர் இவரே. மனதார வரவேற்கிறோம். ஆனால், அவருக்குத் துறை ஒதுக்கப்பட்ட விதத்தை ஏற்க முடியவில்லை.

மக்களவைத் தேர்தலில் ஆலத்தூரில் வென்று பதவி விலகிய கே.ராதாகிருஷ்ணனின் இடத்துக்குத்தான் கேளு வந்திருக்கிறார். ராதாகிருஷ்ணனிடம் பட்டியல் சாதி, பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்தோடு தேவஸ்வம், நாடாளுமன்ற விவகாரம் ஆகிய துறைகளும் இருந்தன. கேளுவுக்குக் கிடைத்தது நலத்துறை மட்டும். தேவஸ்வம் வி.என்.வாசவனிடமும், நாடாளுமன்ற விவகாரம் எம்.பி.ராஜேஷிடமும் போய்விட்டன. இருவரிடமும் ஏற்கெனவே பெரிய துறைகள் இருந்தன. இருவருமே மார்க்சிஸ்ட் கட்சியினர் என்பதால், கூட்டணி நிர்ப்பந்தம் என்று சொல்லவும் வழியில்லை.

சபரிமலை, குருவாயூர் உள்ளிட்ட கோயில்களை நிர்வகிக்கும் வாரியங்கள் தேவஸ்வம் துறையின்கீழ் வருகின்றன. அந்தத் துறையின் அமைச்சராக இருந்தபோதே, தலித்தான ராதாகிருஷ்ணனுக்கு நேர்ந்ததை மறந்துவிடக் கூடாது. கண்ணூர் மாவட்டம் பய்யன்னூரில் ஒரு கோயில் நிகழ்ச்சி. குத்துவிளக்கை முதலில் ஏற்றிய பூசாரி, சிறு விளக்கை இன்னொரு பூசாரியிடம் கொடுத்தார். அவர் அதை அமைச்சர் கையில் தரவில்லை, தரையில் வைத்தார். அமைச்சர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ராதாகிருஷ்ணன் எடுக்கவில்லை. 2023இல் அவரே இதைப் பொதுமேடையில் சொன்னபோது கேரளமே அதிர்ந்தது. இப்படி ஒரு அனுபவத்துக்குப் பிறகு, தேவஸ்வம் துறையில் ஒரு பழங்குடி அமைச்சரை அமர்த்துவதுதான் சாதிக்கு அரசு சொல்லும் சரியான பதிலாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பை முதல்வர் பினராயி விஜயன் நழுவவிட்டிருக்கிறார்.

அமைச்சர் பதவிக்குக் கேளு புதியவர் என்று சமாதானம் சொல்லலாம். 2021இல் முதல்வரையும் ராதாகிருஷ்ணனையும் தவிர, மார்க்சிஸ்ட் கட்சியின் அமைச்சர்கள் அனைவருமே புதியவர்கள்தான். பெருந்தொற்று உச்சத்தில் இருந்த நேரத்தில் சுகாதாரத் துறையை வீணா ஜார்ஜிடம் தந்தார்கள். சட்டமன்றத்துக்கே அப்போதுதான் முதன்முறையாக வந்த முகமது ரியாஸுக்குப் பொதுப்பணியும் சுற்றுலாவும் கிடைத்தன. அவர் முதல்வரின் மருமகன். கேளுவோ இரண்டாவது முறை சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முன் பத்தாண்டுகள் திருநெல்லி ஊராட்சித் தலைவராக இருந்தவர். இவருக்கு அனுபவம் போதாது என்றால் யார் நம்புவார்கள்?

நலத்துறை முக்கியமற்றது என்று நாம் சொல்லவில்லை. பதவி விலகும் நாளில் ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்ட கடைசி உத்தரவு, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளைக் ‘காலனி’ என்று அழைக்கும் வழக்கத்துக்கு முடிவுகட்டியது. அந்தத் துறையில் செய்வதற்கு ஏராளம் இருக்கிறது. ஆனால், தலித், பழங்குடி அமைச்சர் என்றால் அவர்கள் நலம் மட்டுமே அவருக்கு என்பது பழைய சாதிப் பங்கீட்டின் தொடர்ச்சி. கேளுவிடம் 2016இல் மானந்தவாடியில் தோற்ற பி.கே.ஜெயலட்சுமியும் குறிச்சியர்தான். உம்மன் சாண்டியின் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் பழங்குடியினர் நலத்தோடு இளைஞர் நலத்தையும் கவனித்தவர் அவர். காங்கிரஸ் கூட்டணி கொடுத்த அளவுக்குக்கூட இடதுசாரிகள் கொடுக்கவில்லை என்ற பேச்சுக்கு இடம் தரலாமா?

1957இல் அமைந்த இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் புலையர் சமூகத் தலைவரான பி.கே.சாத்தன் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தார். அந்த மரபுக்கு உரிமை கோருகிறவர்கள் இந்த முடிவைத் திரும்பப் பார்க்க வேண்டும். துறைகளை மாற்ற முதல்வர் ஆளுநருக்கு ஒரு பரிந்துரை அனுப்பினால் போதும். தேவஸ்வம் துறையை ஓ.ஆர்.கேளுவிடம் ஒப்படைக்க வேண்டும்.