பல் போனபின் கவசம் எதற்கு?

கல்வியும் விளையாட்டும் மாணவர்தம் வாழ்வுக்கு இரு கண்கள் போன்றவை. ஓடியாடும் பிள்ளையின் உடல் உரம் பெறுகிறது. தோல்வியைத் தாங்கும் உள்ளமும் வெற்றியில் அடங்கும் பண்பும் திடலிலேதான் அமைகின்றன. ஆகவே, அடிபடும் என்று அஞ்சிப் பிள்ளைகளை வீட்டில் அடைத்து வைப்பது அறிவுடைமையாகாது. காத்து அனுப்புவதே அறிவுடைமை. காலுக்குக் கவசம் வாங்கித் தரும் நாம், பல்லுக்கு ஒன்றும் செய்யாதிருப்பது ஏன்? இக்கேள்வியையே பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைக்க விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டியொன்றைக் காணச் சென்றிருந்தோம். உயர வந்த பந்தைத் தலையால் முட்ட இரு சிறுவர்கள் ஒருசேர எழும்பினர். ஒருவன் தலை மற்றவன் வாயில் மோதியது. பத்து வயதுச் சிறுவனின் முன்பல் ஒன்று வேரோடு புல்லில் விழுந்தது. அதனைத் தேடி எடுத்தோம். ஆனால், அதனை என்ன செய்வது என்று அறிந்தவர் எம்மையும் சேர்த்து அங்கே ஒருவரும் இலர். காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டோம். தோட்டத்துச் செம்மண் சாலையைக் கடந்து நகரத்தை அடைவதற்குள் இரண்டு மணி நேரம் சென்றுவிட்டது. உலர்ந்துபோன பல்லைக் காப்பாற்ற இயலவில்லை. அதன்பின் அச்சிறுவன் வாயைக் கையால் மறைத்தே சிரித்தான். எம் அறியாமையும் அதற்கு ஒரு காரணம் என்னும் வருத்தமே இதனை எழுதத் தூண்டுகிறது.

விளையாட்டில் மிகுதியாக அடிபடுபவை மேல்வரிசை முன்பற்களே. ஏழு, எட்டு வயதில் முளைக்கும் அவை, ஆயுள் முழுவதும் நிலைக்க வேண்டியவை. பாற்பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். நிலைப்பல் விழுந்தால் மீண்டும் முளைக்காது. தாடை வளர்ந்து முடியும்வரை எலும்பில் ஊன்றும் செயற்கைப்பல்லையும் பொருத்துவதில்லை. அதுவரை கழற்றி மாட்டும் பல்லையே, வளர்ச்சிக்கேற்ப மாற்றி மாற்றிச் செய்துகொள்ள நேரும். பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. சொல்லோடு சிறுவனின் சிரிப்பும் துணிவும் போவதை நாம் கண்ணாரக் கண்டோம்.

பற்கவசம் நேற்று வந்த பொருளன்று. 1890-ஆம் ஆண்டிலேயே லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிராவுஸ் என்பார், குத்துச்சண்டை வீரர்களின் மேற்பற்களின் மீது கெத்தா பெர்ச்சா என்னும் பொருளால் ஆன பட்டையைப் பொருத்தினார். கெத்தா பெர்ச்சா எதிலிருந்து கிடைப்பது? இம்மலாயாக் காடுகளுக்குரிய மரத்தின் பாலிலிருந்துதான்! நம் மண்ணுக்குரிய மரத்தின் பால் சீமை வீரர்களின் பல்லைக் காத்திருக்க, அம்மண்ணில் விளையாடும் நம் பிள்ளைகள் காப்பின்றி நிற்கலாமா? நியூசிலாந்து நாட்டில் ரக்பி ஆட்டத்துக்குப் பற்கவசம் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 1995-க்கும் 2003-க்கும் இடையில் அவ்வாட்டத்தில் பற்காயங்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 விழுக்காடு குறைந்தன. கவசத்தின் பயனுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்று கிடைக்கும் பற்கவசங்கள் மூவகைப்படும். முதல்வகை, எல்லார்க்கும் ஒரே அச்சில் வார்த்து விற்கப்படுவது. விலை குறைவு; ஆனால் வாயில் தளர்ந்து நிற்கும். பல்லைக் கடித்தே அதனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சும் மூச்சும் தடைப்படும். இரண்டாம் வகை, வெந்நீரில் இளக்கி வாயில் வைத்துக் கடித்து, அவரவர் பல்லுக்கேற்ப அமைத்துக்கொள்வது. மூன்றாம் வகை, பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது. பொருத்தத்திலும் காப்பிலும் இதுவே தலைசிறந்தது, விலையும் மிகுதி.

நம் பிள்ளைகளுக்கு எது ஏற்றது? பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் பருவம் இது. இவ்வாண்டு பொருந்தும் கவசம் அடுத்த ஆண்டு பொருந்தாது போகலாம். எனவே, தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகையே தக்கது என்பது எம் கருத்து. ஆயின், மூன்றைக் கவனித்தல் வேண்டும். கவசம் மேல்வரிசைப் பற்களைக் கடைவாய் வரை மூட வேண்டும். வாயைத் திறந்தாலும் கீழே விழாது நிற்க வேண்டும். அணிந்தபடியே தெளிவாகப் பேசவும் மூச்சுவிடவும் இயல வேண்டும். இளக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருந்து உறையிலுள்ள முறைப்படியே செய்க. அழுந்தக் கடித்தால் கவசம் மெலிந்து பயனற்றுப்போம். ஆடியபின் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றுப்புகும் பெட்டியில் வைத்தல் நன்று. வெயிலில் போட்டால் உருமாறிவிடும். ஒருவர் கவசத்தை மற்றவர் அணியலாகாது.

“எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்று வினவும் பெற்றோர் உளர். செம்பனைக் குலை வெட்டச் செல்வோர் இன்று தலைக்கவசம் அணிகின்றனர். முற்காலத்தில் அணியவில்லை என்பதற்காக அதனைக் கழற்றி எறிகிறோமா? உழைப்பாளியின் தலைக்கு உள்ள மதிப்பு அவர் பிள்ளையின் பல்லுக்கும் உண்டு.

இச்செலவைப் பெற்றோர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. காற்பந்து, ஹாக்கி ஆகியவற்றில் பள்ளியைப் பிரதிநிதிக்கும் மாணவர்க்குச் சட்டை வாங்கும் பணத்தோடு பற்கவசத்துக்கும் பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வழிசெய்ய வேண்டும். பயிற்சி தொடங்கும் முன் ஒரு நாளைக் குறித்து, அனைவர்க்கும் ஒருங்கே பொருத்திவிடலாம். வண்ணச் சட்டை ஓராண்டில் வெளுக்கும். காத்த பல்லோ வாழ்நாள் முழுவதும் உதவும்.

கவசம் இருந்தும் ஒருவேளை நிலைப்பல் வேரோடு விழுந்தால், அதன் வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. அழுக்கிருந்தால் பாலிலோ தூய நீரிலோ சற்றே அலசி, விழுந்த குழியிலேயே உடனே வைத்து, துணியொன்றை மெல்லக் கடிக்கச் செய்க. அது முடியாவிடில் பசும்பாலில் இட்டு எடுத்துச் செல்க. டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால் இதற்கு உதவாது. அரைமணி நேரத்துக்குள் பல் மருத்துவரை அடைதல் மிக நன்று. விழுந்தது பாற்பல்லாயின் மீண்டும் குழியில் வைக்கலாகாது. மருத்துவரிடம் காட்டினால் போதும்.

மாணவச் செல்வங்களே! அஞ்சாது ஆடுங்கள், ஆயின் பற்கவசம் அணிந்தே ஆடுங்கள். கோல் அடித்துத் திரும்பும்போது கையால் மறைக்காமல் வாய்விட்டுச் சிரியுங்கள். அச்சிரிப்பைக் காப்பது பெரியோராகிய எம் கடமை.