விலைபோன வினாத்தாள்

2024ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வை 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றது. களவுபோன தாள் ஏழையின் கைக்கு எட்டாது. அதன் விலை இலட்சங்களில் பேசப்படுவது. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அத்தொகை ஏது? பெற்றோரே தருகின்றனர். நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் செலுத்திய வீட்டுப் பிள்ளையோ ஓரிரு மதிப்பெண்ணில் இடத்தை இழக்கிறது. அவ்வாண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த முறைகேடு தடுப்புச் சட்டம், கூட்டாகக் குற்றம் புரிவோருக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கிறது. தேர்வரை அது தண்டிப்பதில்லை. இளையோரிடம் காட்டும் அவ்விரக்கம் தகும். பணம் எண்ணிக் கொடுத்த தந்தைக்கு அது தகாது. விற்றவனோடு அவரையும் கூண்டில் நிறுத்துவதே முறை.