மாமியாரின் குரலும் மகனின் பழைய கம்ப்யூட்டரும்

"பழைய சாமான் வாங்கறவன் வாசல்ல நிக்கறான், அந்தப் பெட்டியையும் போட்டுடும்மா" என்றார் என் மாமியார். பெட்டிக்குள் 40 காஸெட்! பாதிக்கு மேல் 1983-ல் அவர் திருப்புகழ் வகுப்பு நடத்தியபோது பதிவு செய்தவை. தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அவர் பாடுவதில்லை. அந்தக் குரல் இன்று இருப்பது அந்த நாடாவில் மட்டும்தான். எப்படித் தூக்கிப் போட மனசு வரும்?

கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டில் யார் வேண்டுமானாலும் செல்போனில் கேட்கும்படி செய்துவிடலாம் என்றேன். "ஆயிரக்கணக்கில் ஆகுமே!" என்றார் என்னவர். ஆகவில்லை, சகோதரிகளே! மகன் ஒதுக்கிய பழைய லேப்டாப்பே போதுமானதாக இருந்தது. அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும், ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளும் போட்டுக் கொடுத்தான். உப்பியிருந்த பேட்டரியைக் கடையில் கொடுத்துக் கழற்றினோம். அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

பெரிய டிஸ்க் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். 60 நிமிட காஸெட் ஒன்று, சி.டி. தரத்தில் சுருக்காமல் வைத்தால் சுமார் 635 மெகாபைட். 'ஃப்ளாக்' முறையில் தரம் குறையாமலே ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 40 காஸெட்டும் ஒரு 32 ஜி.பி. பென் டிரைவில் அடங்கிவிடும்! கரண்டும் பயப்படும்படி இல்லை. 15 வாட் இழுக்கும் லேப்டாப் நாள் முழுக்க ஓடினாலும், இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள்தான்.

காசு கொடுத்து வாங்கியது ஒரு வயரும், யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியும்தான். 'லைன் இன்' உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மைக் துளையில் கொடுத்தால் ஒலி சிதறும். டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து அதற்கு வயர் கொடுத்து, 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்தேன்.

இனி நான் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசையில், மாமியார் பாடிய காஸெட்டையே முதலில் போட்டேன். ஒலி அளவு சிவப்பைத் தொட்டதைக் கவனிக்கவில்லை. எல்லாம் கரகரப்பு! அதை அழித்துவிட்டு மறுபடி போட்டபோது நாடா உருளையில் சிக்கி அறுந்தது. நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும் நாடா அது. கசங்கிய ஒரு சாண் நீளத்தை வெட்டி ஒட்டியதில் நாலைந்து நொடி போயே போய்விட்டது. அழுதுவிட்டேன்.

ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள்:

போனாலும் பரவாயில்லை என்கிற காஸெட்டில் முதலில் பழகுங்கள்.

டேப்பின் ஹெட்டையும் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

போடுமுன் நாடாவை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள், இறுக்கம் தளரும்.

அறுந்தால் சாதாரண செலோ டேப் வேண்டாம். பசை கசியும். நாடா ஒட்டுவதற்கென்றே தனி டேப் உண்டு.

சுமாரான பதிவாக இருந்தாலும், நல்லது கிடைக்கும்வரை அழிக்காதீர்கள்.

லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி கட்டாயம். ஒன்றை வேறு வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது. நான் நாத்தனாரிடம் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் மாமியார் கையில் போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், சட்டென்று நிமிர்ந்தார். "ரெண்டாவது அடி எங்கேம்மா?"

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உடைந்த குரலில் அந்த அடியை அவரே மெதுவாகச் சொன்னார். "மிச்சத்தையாவது ஜாக்கிரதையாப் போடு" என்றும் அதட்டினார்.

பழைய சாமான்காரர் அடுத்த வாரமும் வந்தார். பெட்டியைப் பற்றி மாமியார் மூச்சுவிடவில்லை!