தண்ணீரை வடித்தது யார்?

பந்தயக் கார் ஓட்டுகிறவருக்குப் பெரிய எதிரி யார்? பக்கத்தில் சீறிக்கொண்டு வரும் இன்னொரு கார் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அது பாதி உண்மைதான். அவருடைய சட்டைக்குள்ளேயே இன்னோர் எதிரி உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் வெப்பம்.

சித்திரை மாதத்து நடுப்பகலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பெதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க நம்மால் முடியுமா? பந்தய வீரர் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறார். முன்னாலோ பின்னாலோ எஞ்சின் கொதிக்கிறது. தீ பற்றாத கனத்த உடை கழுத்து முதல் கணுக்கால் வரை மூடியிருக்கிறது. வியர்வை ஆறாய் ஓடுகிறது. ஆனால் காற்றில் உலர வழியில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

மயங்கி விழுந்த மாவீரர்கள்

இது இன்று நேற்றைய கதை அல்ல. 1955 ஜனவரியில் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் கடுங்கோடையில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. மூன்று மணி நேர ஓட்டம். ஒருவர் மாற்றி ஒருவர் காரை ஓட்டித்தான் பலரும் சமாளித்தார்கள். ஆள் மாற்றாமல் தனியாகவே ஓட்டி முடித்தவர்கள் இரண்டே பேர், பாஞ்சியோவும் மியரேயும். வென்றவர் பாஞ்சியோ. கார் நின்றுபோனதால் இறங்கி ஓரமாகப் படுத்திருந்தார் ஸ்டர்லிங் மாஸ். வெயில் தாக்கி விழுந்தவர் என்று எண்ணி அவரை ஆம்புலன்சில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம்!

இப்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் 68 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் கத்தார் நாட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வராது. அது இரவுப் பந்தயம். இருந்தும் புழுக்கம் தாங்கவில்லை. எஸ்தபான் ஓக்கோன் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார்; அப்படியே ஓட்டி முடித்தார். ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்த லோகன் சார்ஜன்ட் பாதியில் விலகினார். வேகமான வளைவுகளில் நினைவு தப்புவது போலிருந்தது என்று லான்ஸ் ஸ்ட்ரோல் சொன்னார். 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதன் பிறகே சர்வதேச மோட்டார் சம்மேளனம் விழித்துக்கொண்டது. வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று வானிலை முன்னறிவிப்பு கூறினால், குளிர்விக்கும் கருவியைக் காரில் பொருத்த வேண்டும் என்று 2025-ல் விதி வந்தது. முதல் முறையாக அந்த ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் பந்தயத்துக்கு அந்த எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கருவி காரில் இருக்க வேண்டியது கட்டாயம். சட்டையை அணிவது அவரவர் விருப்பம் என்று விட்டார்கள்.

சந்திரனுக்குப் போன சட்டை

இந்தச் சட்டையின் தத்துவம் எளியது. பனியன் போன்ற துணியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து வளைத்துத் தைத்திருக்கிறார்கள். காரில் ஓர் ஐஸ் பெட்டி. அதனுடன் சிறிய மின்சாரப் பம்பு. குளிர்ந்த நீர் பெட்டியிலிருந்து சட்டைக்கு வந்து, மார்பிலும் முதுகிலும் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு பெட்டிக்கே திரும்புகிறது. 1969-ல் சந்திரனில் நடந்த ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் விண்வெளி உடைக்கு உள்ளே அணிந்திருந்ததும் இந்த இனத்து உடைதான். அமெரிக்காவில் கூரையிட்ட கார்ப் பந்தயங்களிலும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டும் பொழுதுபோக்குக்காரர்களிடமும் ஐஸ் பெட்டிச் சட்டை வெகு நாளாகவே உண்டு.

எல்லாம் அந்த ஐஸில்தான் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80,000 கலோரி வெப்பத்தை விழுங்கும். உருகிய பிறகோ, அந்த ஒரு கிலோ தண்ணீர் 10,000 கலோரி வாங்குவதற்குள் பத்து டிகிரி சூடேறிவிடும். ஆகவே ஐஸ் தீர்ந்த கணத்திலிருந்து சட்டை மளமளவென்று சுடத் தொடங்கும். குளிர்நீர்ச் சட்டை வெந்நீர்ச் சட்டையாக மாறும். பம்பு நின்றாலும், பெல்ட்டுக்கு அடியில் குழாய் நசுங்கினாலும், பாசி அடைத்தாலும் வீரரின் கதி ஏறக்குறைய அதுதான். இல்லாத குடையை யாரும் நம்புவதில்லை. ஓட்டைக் குடையை நம்பிப் புறப்பட்டவன்தான் நனைகிறான்.

கோப்பைக்குப் பிறகு ஒரு வேலை

இந்த ஆபத்துகளில் பல, முந்தைய பந்தயம் முடிந்த மாலையிலேயே விதைக்கப்படுகின்றன. கோப்பை வாங்கியாகிவிட்டது, எல்லோரும் களைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததா? இல்லை. குழாயின் இணைப்பைக் கழற்றியதும் தண்ணீர் சிந்தாதபடி அது தானாகவே மூடிக்கொள்ளும். வசதிதான், ஆனால் அதனாலேயே சட்டைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வராது. எதிர் இணைப்பு ஒன்றைச் செருகி வாயைத் திறந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்து வடிக்க வேண்டும். பிறகு மெல்லக் காற்றை ஊத வேண்டும். வேகமாக ஊதினால் குழாய் பிய்ந்துவிடும். பெட்டி, பம்பு, காருக்குள் ஓடும் நீண்ட குழாய் எல்லாவற்றுக்கும் இதே உபசாரம் உண்டு. கடைசியில் பெட்டியின் மூடியைத் திறந்தே உலர விட வேண்டும்.

தேங்கிய நீரில் பாசியும் பூஞ்சையும் பிடிக்கும். குளிர் நாடுகளில் இன்னொரு விபரீதமும் உண்டு. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருக்கும். குளிர்காலத்தில் கொட்டகையில் கிடக்கும் பம்பு உள்ளுக்குள் வெடித்துவிடும். வசந்தத்தில் முதல் பந்தயத்தன்றுதான் அது தெரியவரும்.

விதி எழுதுவோருக்கு

சட்டையே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பெல்ட்டுக்கு அடியில் குழாய்கள் ஓடுவது தமக்குப் பிடிக்கவில்லை, விருப்பத்துக்கு விட வேண்டும் என்று மாக்ஸ் வெர்ஸ்டப்பன் போன்ற வீரர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. பழுதான சட்டையைவிட வெறும் பனியன் மேல் என்பது உண்மைதானே! ஆனால் அதற்கு மருந்து சட்டையைத் தூக்கி எறிவதல்ல. அதைப் பழுதாக விடாமல் வைத்திருப்பது.

கருவி இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. புறப்படுமுன் பம்பு ஓடுகிறதா, வீரர் பெல்ட்டை இறுக்கிய பிறகும் நீர் திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் சுடத் தொடங்கினால் தாமே கழற்றிவிடும்படி, இணைப்பு வீரரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வடித்து உலர்த்தியவர் இன்னார் என்று ஒரு சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். பெரிய அணிகளுக்கு இது சிரமமில்லை. தாமே ஓட்டி, தாமே கழுவி, திங்கட்கிழமை வேலைக்கு ஓடும் சிறிய பந்தயக்காரருக்குத்தான் சோம்பல் வரும். அவரிடம் நான் கேட்பது கால் மணி நேரம்.

மேடையில் ஏறுகிறவரை உலகமே பார்க்கிறது. கொட்டகையின் மூலையில் ஒருவர் ஈரச் சட்டையைத் தலைகீழாகப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை காத்து நிற்கிறார். அவரை யாரும் படம் பிடிப்பதில்லை. அடுத்த பந்தயத்தில் வீரர் நினைவு தவறாமல் காரைவிட்டு இறங்கினால், அதில் பாதிப் புகழ் அந்த மனிதருக்குச் சேர வேண்டியது.