பால் கணக்கில் விடுபட்ட ஒரு வரி

"பத்து மாடு வாங்கி விடுங்க, மாசம் அம்பதாயிரம் கையில நிக்கும்."

டிகிரி முடித்துவிட்டு ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும் பையனிடம் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். சொல்கிறவர் பெரும்பாலும் மாடு வளர்க்காதவர். கூடவே ஒரு திட்ட அறிக்கையும் வரும். அதில் அழகாக ஒரு அட்டவணை, கடைசி வரியில் கொட்டை எழுத்தில் நிகர லாபம்.

அந்த அட்டவணை பொய். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் செலவுப் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கும். அந்த வரியைச் சேர்த்தால் கடைசியில் இருக்கும் லாபம் காணாமல் போய்விடும். அதனால்தான் யாரும் சேர்ப்பதில்லை.

அது என்ன வரி என்று பார்ப்பதற்கு முன் ஒரு ஊரைப் பார்த்துவிடலாம்.

புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை வட்டத்தில் இருக்கிறது ஆவூர். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயத்தால் தெரிந்திருக்கும்: பழமையான பெரியநாயகி மாதா கோயில், அதையொட்டி நடக்கும் ஜல்லிக்கட்டு. காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வருவது உண்மைதான், ஆனால் அது அறந்தாங்கிப் பக்கத்தோடு சரி. விராலிமலைப் பக்கம் மழை, கண்மாய், கிணறு, போர்வெல்தான். நெல் ஒரு போகம் எடுத்தாலே பெரிய விஷயம். இந்த மாதிரி ஊரில் மாதாமாதம் காசு பார்க்க வைக்கும் ஒரே ஜீவன் கறவை மாடு.

ஆகவே இது மாட்டுக்கு எதிரான கட்டுரை இல்லை. கணக்கைத் தப்பாக எழுதுகிறவர்களுக்கு எதிரானது.

கணக்கு நோட்டைத் திறக்கலாம்

உதாரணத்துக்கு ஒரு கலப்பின ஜெர்சி மாடு. விலை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கன்று போட்டபின் 300 நாள் கறக்கிறது, சராசரி நாளுக்கு 8 லிட்டர். பிறகு அடுத்த கன்று வரை 100 நாள் பால் வற்றி நிற்கிறது. ஆக ஒரு சுற்று 400 நாள். (புத்தகத்தில் வருஷத்துக்கு ஒரு கன்று என்று போட்டிருக்கும். ஒரு தடவை பருவத்துக்கு வந்ததைக் கவனிக்காமல் விட்டாலோ, சினை ஊசி பிடிக்காமல் போனாலோ 21 நாள் அவுட். அதனால் 400 நாள் என்பது நியாயமான கணக்குதான்.)

வரவு: 2,400 லிட்டர். பசும்பாலுக்கு ஆவின் கொள்முதல் விலை 35 ரூபாய். 2023 டிசம்பர் 18 முதல் தரும் ஊக்கத்தொகை 3 ரூபாயையும் சேர்த்தால் 38. கொழுப்பும் இதர திடச்சத்தும் குறைந்தால் விலையும் குறையும். போகட்டும், முழுசாகக் கிடைத்ததாகவே எழுதுவோம். மொத்தம் 91,200 ரூபாய். கன்று, எரு விற்றது ஒரு 10,000. ஆக 1,01,200.

செலவு:

அடர்தீவனம்: மாட்டின் உடம்புக்கு நாளுக்கு ஒன்றரை கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது வழக்கமான கணக்கு. கறக்கும் காலத்துக்கு 1,410 கிலோ, வற்றிய காலத்துக்கு 200 கிலோ. கிலோ 28 ரூபாய் என்றால் 45,080.

வைக்கோல்: நாளுக்கு 5 கிலோ, கிலோ 5 ரூபாய் என்றால் 10,000.

வைத்தியம், ஊசி, தாது உப்பு, இன்சூரன்ஸ்: 5,000.

கடனுக்கு 10 சதவீத வட்டி, 400 நாளுக்குச் சுமார் 6,600.

மாட்டின் தேய்மானம்: ஐந்து ஈற்றுக்குப் பிறகு 20,000-க்கு விற்கலாம் என்றால் ஈற்றுக்கு 8,000.

மொத்தச் செலவு 74,680. மிச்சம் 26,520 ரூபாய்.

பரவாயில்லையே, லாபம்தானே என்று தோன்றும். திட்ட அறிக்கையும் இங்கேயே நின்றுவிடும். இனிமேல்தான் அந்த விடுபட்ட வரி வருகிறது.

400 நாளில் 100 நாள்

இந்த மாட்டுக்குச் சாணி அள்ளியது யார்? விடியும் முன்னே எழுந்து கொட்டகையைக் கூட்டி, மடி கழுவி, கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தது யார்? வரப்பில் புல் அறுத்துத் தலையில் சுமந்து வந்தது, கழனித்தண்ணியில் தவிடு கலந்து வைத்தது, மத்தியானம் மறுபடி கறந்தது, மழையில் அவிழ்த்து உள்ளே கட்டியது?

அநேகமாக அந்த வீட்டுப் பெண்தான். மாடு வாங்கும்போது சந்தைக்குப் போனது ஆம்பளையாக இருக்கலாம், லோன் பேப்பரில் கையெழுத்து போட்டதும் அவராக இருக்கலாம். தினசரி வேலை அவருடையது இல்லை.

ஒரு மாட்டுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று குறைத்தே போடலாம். 400 நாளுக்கு 800 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் சரியாக 100 நாள் வேலை. 2025-26-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளுக்கு 33,600.

மிச்சம் என்று எழுதிய தொகை 26,520. கூலியைக் கழித்தால் 7,080 ரூபாய் நஷ்டம்!

வேறு மாதிரியும் பார்க்கலாம். அந்த 26,520-ஐ முழுசாக அவருக்கே கொடுத்தாலும் மணிக்கு 33 ரூபாய்தான் ஆகிறது. ஏரியில் மண் அள்ளப் போயிருந்தால் மணிக்கு 42. இத்தனைக்கும் கொட்டகைச் செலவு, பசுந்தீவனம் போட்ட நிலத்தின் குத்தகை, மோட்டார் தேய்மானம் எதையும் மேலே எழுதவே இல்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இம்ப்யூட்டட் காஸ்ட் என்று ஒரு பாடம் உண்டு. காசாகக் கொடுக்காவிட்டாலும் முதலாளியின் சொந்தக் கட்டடத்துக்கு வாடகை, அவர் உழைப்புக்குச் சம்பளம் என்று மனதில் வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பார்கள். பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்கு வந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு கொடுமை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில், தொழிலுக்கு வைத்திருந்த கால்நடை செத்துப்போனாலோ உபயோகமில்லாமல் போனாலோ அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்ள இடம் வைத்திருந்தார்கள். செத்த மாட்டுக்கு ஒரு வரி எழுதத் தெரிந்தது. கறக்கிற கைக்கு எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பத்து மாட்டு மாயை

சிறு பண்ணை ஆரம்பிக்கிறவர்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டைப் பார்த்து, "ரெண்டுக்கே இவ்வளவு மிச்சம், பத்துக்கு அஞ்சு மடங்கு" என்று பெருக்குகிறார்கள்.

பால் ஐந்து மடங்காகும், தீவனமும் ஐந்து மடங்காகும். ஓசியில் கிடைத்தவை ஆகாது. வரப்புப் புல் இரண்டு மாட்டுக்குத்தான் காணும். வீட்டுக் கழனித்தண்ணியும் அப்படித்தான். அம்மாவுக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான். பத்து மாட்டுக்கு நாளுக்கு இருபது மணி நேர வேலை. ஆள் வைக்க வேண்டும், ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இரண்டு மாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வரி பத்து மாட்டில் ரொக்கமாக வந்து நிற்கிறது. ஆரம்பித்த ஒன்றிரண்டு வருஷத்தில் காலியாகும் கொட்டகைகளின் ரகசியம் இதுதான். நோய் வந்து பண்ணை படுத்தால் எல்லாருக்கும் தெரிகிறது. கணக்கால் படுத்தால் "பையனுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் தீவனம். பத்து மாட்டுக்கு நாளுக்கு 250 கிலோ பசுந்தீவனம் வேண்டும். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் போட்டால் ஆச்சு என்பார்கள். அதற்கு ஒரு ஏக்கராவது வருஷம் முழுக்கத் தண்ணீர் பாய வேண்டும். விராலிமலைப் பக்கம் சித்திரை, வைகாசியில் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். மேய்ச்சலுக்கு விடலாம் என்றால் புதுக்கோட்டை மாவட்டத்தில் காட்டு நிலம் எக்கச்சக்கமாகத் தைலமரத்துக்குப் போயிருக்கிறது. தைலமரத்துக்குக் கீழே மாடு எதை மேயும்?

விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

பசும்பாலுக்கு ஆவின் கொள்முதல் விலையைப் பாருங்கள். 2014 நவம்பரில் 28 ரூபாய். 2019 ஆகஸ்டில் 32. 2022 நவம்பரில் 35. பிறகு 2023 டிசம்பரில் அந்த 3 ரூபாய் ஊக்கத்தொகை. முதல் உயர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறத்தாழ ஐந்து வருஷம். மாடு ஐந்து வருஷம் பழைய விலைத் தீவனத்தைத் தின்னுமா?

2021 மே மாதம் புதிய அரசு வந்ததும் ஆவின் பால் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். நகரத்தில் கைதட்டல். கொள்முதல் விலை அடுத்த வருஷம் நவம்பர் வரை 32-இலேயே நின்றது. அதற்குக் கைதட்டவும் ஆள் இல்லை, கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. 2023 மார்ச்சில் பால் உற்பத்தியாளர்கள் லிட்டருக்கு 7 ரூபாய் கூட்டிக் கேட்டுப் பாலை நிறுத்திப் போராடினார்கள். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 2017 ஜனவரியில் காளைக்காக மெரினாவில் ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்கள் நாம். வாடிவாசலில் வரும் காளைக்கு அவ்வளவு கூட்டம். அந்தக் காளையைப் பெற்ற இனத்தை வைத்துப் பிழைப்பவர்கள் சொசைட்டி வாசலில் நிற்கும்போது ஒருத்தரும் இல்லை.

நெல்லுக்காவது வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் வருஷா வருஷம் கணக்கு போடுகிறது. அதில் 'ஏ2 + எஃப்எல்' என்று ஒரு அளவு. (ஆர்கானிக் கடைக்காரர் விற்கும் ஏ2 பால் இல்லை சாமி, இது வேற ஏ2!) கையை விட்டுப் போன செலவோடு குடும்ப உழைப்பின் மதிப்பையும் சேர்ப்பதுதான் அது. ஆதார விலையையும் அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த விலை எல்லாருக்கும் கிடைக்கிறதா என்பது தனிச் சண்டை. ஆனால் குடும்ப உழைப்பும் செலவுதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டாயிற்று. பாலுக்கு அப்படி ஒரு ஆதார விலையே கிடையாது.

வழக்கமாக வரும் இரண்டு பதில்கள்

ஒன்று: "வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள்?" சமைத்து, துவைத்து, களை எடுத்து, நடுவில் மாட்டையும் பார்க்கிறவர் சும்மா இருக்கிறாராம்! அவர் ஒரு மாதம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், மாடு நிற்குமா விற்றிருக்குமா என்று பந்தயமே கட்டலாம். :-)

இரண்டு: "விலையை ஏற்றினால் ஏழை பால் குடிக்க முடியாது." நியாயமான கவலை. ஏழைக்குப் பால் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றால் அந்த மானியத்தை அரசு கஜானாவிலிருந்து கொடுக்கட்டும். இப்போது அந்த மானியத்தை ஆவூர் மாதிரி ஊர்களின் பெண்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மணிக்கு ஒன்பது ரூபாய் வீதம். அவர்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. நகரத்து டிகிரி காபியில் பாதி நுரை அந்தக் கூலிதான்.

மாடே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. மழை பொய்த்தாலும் பால் காசு வரும். ஸ்கூல் பீஸ், மளிகைப் பாக்கி, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதில் ஓடுகிறது. எரு வயலுக்கு ஆகும், கிடேரிக் கன்று ஒரு சேமிப்பு. இதெல்லாம் நிஜமான லாபம்தான். அதனால்தான் கணக்கும் நிஜமாக இருக்க வேண்டும்.

1946-இல் குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள் ஒரு தனியார் கம்பெனி வைத்த விலைக்குக் கொடுக்க மறுத்து 15 நாள் பாலை நிறுத்தினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஆனந்த் கூட்டுறவு, பின்னாளில் அமுல். மாடு அதே மாடுதான், பாலும் அதே பால்தான். விலை பேசும்போது உற்பத்தி செய்தவர்களும் மேஜையில் உட்கார்ந்தார்கள், வித்தியாசம் அவ்வளவே.

என்ன செய்யலாம்?

கொள்முதல் விலை நிர்ணயிக்கும்போது குடும்ப உழைப்பைக் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைத் தீவன விலையோடு வருஷத்துக்கு ஒரு தடவையாவது திருத்த வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் பார்த்து ஏற்றுவது விலை நிர்ணயம் ஆகாது.

சங்க உறுப்பினர் அட்டையும் பால் காசு விழும் பேங்க் அக்கவுண்டும் கறக்கிறவர் பேரில் இருக்க வேண்டும். மகளிர் பால் உற்பத்தியாளர் சங்கங்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

கடன் கொடுக்கும் பேங்க், திட்ட அறிக்கையில் கூலி வரி காலியாக இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். கன்னியும் காளையும் சினையும் வறட்சியும் தெரியாத ஒருத்தர் எழுதிய அட்டவணைக்காக ஒரு குடும்பம் நிலத்தை அடமானம் வைக்கக் கூடாது.

பண்ணை ஆரம்பிக்கும் கனவில் இருப்பவர்கள் முதலில் தீவனத்தை வளர்க்கட்டும், மாடு அப்புறம். இரண்டு மாட்டில் ஆரம்பித்து ஒரு முழுச் சுற்று, அதாவது 400 நாள், நோட்டில் எழுதட்டும். அம்மாவின் மணி நேரத்தையும் சேர்த்து. அப்போதும் லாபம் நின்றால் மூன்றாவது மாட்டுக்குச் சந்தைக்குப் போகலாம்.

நிற்கவில்லை என்றால், இத்தனை நாள் அந்த வீட்டில் லாபம் என்று எண்ணிய காசு யாருடைய சம்பளம் என்பதாவது தெரிந்துவிடும்.

கொசுறு: பால், தயிர், நெய் விற்ற வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் இல்லை. விவசாயம் என்று சொல்லி வரி விலக்கு கேட்கலாம் என நினைத்திருந்த வருங்காலப் பண்ணை முதலாளிகள் கவனிக்கவும். நஷ்டத்தில் ஓடினால் அந்தக் கவலை இல்லை என்பது வேறு விஷயம்.