உள்ளானின் எண்ணிக்கையும் உப்பின் டிகிரியும்

வேதாரண்யம் சதுப்பைப் பற்றி எங்கள் இதழுக்கு மூன்று வகைக் கட்டுரைகள் வருகின்றன. பறவை ஆய்வாளர் எழுதியதில் இனப்பட்டியலும் எண்ணிக்கையும் இருக்கும். பறவை நின்ற தண்ணீர் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆழம் என்பது இருக்காது. நிலத்தடி நீர் ஆய்வாளர் எழுதியதில் குளோரைடு முதல் மின்கடத்துதிறன் வரை எல்லாம் இருக்கும். அவர் அளந்த கிணற்றுக்குப் பக்கத்துக் குட்டையில் வெளிமான் தண்ணீர் குடிக்கிறதா என்று ஒரு வரி கிடையாது. உப்பையும் மண்ணையும் ஆய்பவர் சோடியம், மக்னீசியம், ஜிப்சம் என்று முடித்துவிடுவார். தனித்தனியே பார்த்தால் மூன்றும் நல்ல கட்டுரைகள். அருகருகே வைத்தால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. நாள் வேறு, இடம் வேறு, அலகு வேறு.

இது நடைமுறைக் குறை மட்டுமல்ல. நம் துறையில் நெடுநாளாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இந்தச் சதுப்பையொட்டிய கோடியக்கரையில் கரைப்பறவைகள் ஏன் குறைந்தன?

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தன் பறவை வலசை ஆய்வை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கியது. அன்றைய கேள்வி பறவைகளைப் பற்றியதுகூட இல்லை. 1957இல் கர்நாடகத்தில் தலைகாட்டிய கியாசனூர் காட்டுக் காய்ச்சலின் கிருமியை வலசைப் பறவைகள் உண்ணிகள் வழியே வடக்கிலிருந்து கொண்டுவந்தனவா என்பதுதான். பறவையியலாளர் சலீம் அலி முன்னின்று நடத்திய அந்த ஆய்வின் தொடர்ச்சியாகவே பின்னாளில் கோடியக்கரையில் வலை கட்டி, பறவைகளின் காலில் வளையமிட்டார்கள். சைபீரியத் துருவக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் கொசு உள்ளானையும் வளைந்த அலகுள்ள உள்ளானையும் கையில் ஏந்தி, எடை பார்த்து, இறக்கையை அளந்து பதிவேட்டில் எழுதினார்கள். நோயைத் தேடித் தொடங்கிய வேலை பறவைகளின் வீழ்ச்சியை அளக்கும் ஆதாரமாக மாறியது. எழுதி வைத்ததால் மட்டுமே அது முடிந்தது.

அதே ஆண்டுகளுக்குச் சதுப்பின் உப்புத்தன்மை நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தால் இன்று நம் நிலை வேறாக இருந்திருக்கும். பறவைகள் குறைந்ததற்குக் காரணங்கள் பல முன்வைக்கப்படுகின்றன. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து மேலே நீரும் வண்டலும் தேங்க, சதுப்போடு சேர்ந்த முத்துப்பேட்டைக் காயலுக்குக் கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் குறைந்தது என்பது ஒன்று. உப்பளங்களின் வரப்புகள் ஓதநீர் பரவும் வழியை மாற்றின என்பது இன்னொன்று. இங்கே எதுவும் கெடவில்லை, துருவத்திலோ வலசைப் பாதையில் வேறெங்கோ கெட்டது என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் நம்மிடம் எண்கள் இல்லை.

உப்பளத்துக்காரரிடம் உப்பின் எண் எப்போதும் இருந்திருக்கிறது. என் முதல் களப்பருவத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தொலைநோக்கியில் பூநாரைகளை எண்ணிவிட்டுப் பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பெரியவர் கண்ணாடி அடர்த்திமானியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கோட்டைப் பார்த்து, டிகிரியைச் சொன்னார். இந்த டிகிரியில் மீன் நிற்காது, மீன் கொத்தித் தின்னும் பறவைகள் அடுத்த பாத்திக்குப் போய்விடும், பூநாரை மட்டும் நிற்கும் என்றார். நான் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன், டிகிரியைக் குறிக்கவில்லை. அந்தப் பக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. தேதி, நேரம், காற்றின் திசை, பறவை எண்ணிக்கை எல்லாம் உண்டு. தண்ணீர் மட்டும் இல்லை.

அவர் சொன்ன டிகிரி, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு. கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி. இறுக இறுக, சமையல் உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியை நெருங்கும்போது சமையல் உப்பு பூக்கும். இந்த ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும் உயிர்கள் மாறுகின்றன. தொடக்கத்தில் மீனும் சேற்றுப்புழுவும். அவை தாங்காத உப்பில் தின்பாரில்லாமல் ஆர்ட்டீமியா என்னும் உப்பு இறால் பெருகுகிறது. கடைசியில் நுண்ணுயிர்கள் மட்டும். ஒரு பாத்தியில் எந்தப் பறவை இரை தேடும் என்பதை இந்த வரிசையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆழத்துக்கும் பங்கு உண்டு. கொசு உள்ளான் நின்று மேய இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் காலடியில் எவ்வளவு புழு இருந்தாலும் அதற்குப் பயனில்லை. இந்தத் தட்டையான சதுப்பில் காற்று திரும்பினாலே நீர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஆகவே முந்தின வாரத்து ஆழம் இன்றைய எண்ணிக்கைக்கு உதவாது.

அலகுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பறவை ஆய்வாளர்கள் கொண்டுபோகும் கைக்கருவி பெரும்பாலும் 100 பிபிடியோடு (ஆயிரத்தில் நூறு பங்கு உப்பு) நின்றுவிடும். அது சுமார் பத்து டிகிரிதான். அதற்கு மேல் நன்னீர் சேர்த்து அளந்து பெருக்க வேண்டும். நிலத்தடி நீர்க்காரர்கள் மின்கடத்துதிறனை 0.64ஆல் பெருக்கிக் கரைந்த உப்பைச் சொல்வது நல்ல தண்ணீருக்குப் பொருந்தும், செறிந்த உப்புநீருக்குப் பொருந்தாது. இந்தப் பெருக்கலைச் சதுப்பு நீருக்கும் அப்படியே போட்ட அட்டவணைகள் எங்களுக்கு வந்திருக்கின்றன. அடர்த்தியை நேரடியாக அளந்து, வெப்பநிலையோடு எழுதுங்கள். போமேயாகவும் பிபிடியாகவும் மாற்றிக்கொள்வது எளிது.

சதுப்பை விட்டுக் காட்டுக்குள் போனாலும் கதை இதுதான். கோடியக்கரையின் மணல்மேட்டுக்கு அடியில் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் உண்டு. மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே 20 மீட்டர் போய்விடும். காட்டுக் குட்டைகளின் தண்ணீரும், பாலை மரங்களின் வேரும், கோடையில் வெளிமானின் தாகமும் இந்தக் கணக்குக்குள் அடங்கியவை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது விழுந்த மரங்களையும் செத்த விலங்குகளையும் எண்ணினோம். நன்னீர்ப் படலம் எந்த அளவு கெட்டது, எத்தனை மழைக்காலத்தில் தேறியது என்று சொல்ல, புயலுக்கு முந்தைய நீர்மட்டம் அதே குட்டைகளுக்கு அருகே அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

எனவே வரும் இதழிலிருந்து, கடலோரச் சதுப்பில் எடுத்த பறவைக் கணக்கெடுப்பு எதுவானாலும் அதே இடத்தில், அதே நாளில், எண்ணி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த உப்பு, ஆழம், வெப்பநிலை மூன்றும் கட்டுரையில் இருக்க வேண்டும். நிலத்தடி நீர்க் கட்டுரையில் கிணற்றுக்கு அருகிலுள்ள திறந்த நீர்நிலையையும் அதைப் பயன்படுத்தும் விலங்குகளையும் குறிப்பிட வேண்டும். மண், உப்பு மாதிரி எடுப்பவர்கள் அதே குழியிலிருந்து ஒரு பிடி சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கும் புழுக்களை எண்ணிச் சேர்க்க வேண்டும். இது கூடுதல் சுமை என்பது எனக்குத் தெரியும். அடர்த்திமானி விலை அதிகமில்லை. சல்லடையை நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஒரு இடத்துக்குக் கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். பழைய தரவை வைத்து எழுதுபவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. உங்கள் பழைய குறிப்பேட்டின் ஓரத்தில் டிகிரி ஏதாவது எழுதியிருந்தால் அதையும் அனுப்புங்கள். கட்டுரையாக இல்லாவிட்டாலும் வெளியிடுவோம்.

கடைசியாக, நாள்காட்டி. பலரும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதம் களத்துக்குப் போகிறார்கள். உள்ளான்கள் ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடுகின்றன. அப்போது சதுப்பு கோடை முழுக்கக் காய்ந்து, மிக உப்பாக இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இளைத்து வரும் பறவைக்கு முதல் வாரத்தில் கிடைக்கும் இரை அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. முதல் அளவை அங்கிருந்து தொடங்குங்கள்.